விண்ணப்பத்துக்கு முந்தைய மாதங்கள்: கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுத் திட்டங்களும் போடி வட்டார மாணவர்களும்

கட்டற்ற மென்பொருள் ஆக்கத்தில் புதியவர்களைச் சேர்ப்பதற்காக உலக அளவில் நடத்தப்படும் வழிகாட்டுத் திட்டங்களைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவும் போட்டித் தேர்வின் கண்கொண்டே பார்க்கின்றன. அறிவிப்பு வரும், படிவம் நிரப்பப்படும், மதிப்பெண்ணும் அதிர்ஷ்டமும் கூடிவந்தால் பெயர் பட்டியலில் இடம்பெறும் என்பது பரவலான எண்ணம். அத்திட்டங்களின் நடைமுறையை உற்று நோக்குவோருக்கு, பல மாதங்கள் பொதுவெளியில் நடந்த ஒரு வேலையின் கடைசிப் பக்கமாகவே விண்ணப்பம் அங்கே கருதப்படுகிறது என்பது விளங்கும். ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் போன்ற ஊர்களிலிருந்து போடிநாயக்கனூருக்கோ தேனிக்கோ பேருந்தேறிப் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. கல்லூரியின் பெயரையும் மதிப்பெண் பட்டியலையும் முதன்மையாகக் கொள்ளாத ஒரு தேர்வுமுறை அவர்களுக்குச் சாதகமானதே. ஆயினும் அந்த முறை எப்போது தொடங்குகிறது, எங்கே நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு மென்பொருளின் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, எவரும் படிக்கவும் திருத்தவும் திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமம் இடங்கொடுக்குமானால் அது கட்டற்ற மென்பொருள் அல்லது திறந்த மூல மென்பொருள் எனப்படும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் இவ்வகையின் தூண்கள். இவ்வாறான ஒரு மென்பொருளின் கோப்புகள் அனைத்தும், அவற்றில் நாளதுவரை நிகழ்ந்த மாற்றங்களின் வரலாற்றுடன் சேர்த்து வைக்கப்படும் இடம் களஞ்சியம். வெளியார் ஒருவர் அக்களஞ்சியத்தின் படியொன்றைத் தம் கணினியில் எடுத்துத் திருத்தி, அத்திருத்தத்தை மூலத்தோடு இணைக்குமாறு கேட்பது இணைப்பு வேண்டுகோள். மாணவர் வழக்கில் ‘புல் ரிக்வெஸ்ட்’ அல்லது சுருக்கமாக ‘பி.ஆர்.’. அவ்வேண்டுகோளைப் படித்து, குறை சொல்லி, திருத்தச் செய்து, இறுதியில் ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் உடையவர் பராமரிப்பாளர். இந்தப் பராமரிப்பாளர்களில் பெரும்பாலோர் தம் முழுநேர வேலைக்கு அப்பால் கிடைக்கும் ஓய்வுநேரத்தில் இப்பணியைச் செய்பவர்கள் என்பதை மறந்துவிட்டால் இனி வரும் எதுவும் சரியாகப் புரியாது.

இத்துறையின் முதற்பெரும் வழிகாட்டுத் திட்டம் கூகிள் நிறுவனம் 2005இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’. முதலாண்டில் 200 இடங்களுக்கு 8,740 முன்மொழிவுகள் வந்து குவிந்ததால் இடங்கள் 400-க்கும் மேலாக உயர்த்தப்பட்டன. கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் வேறு வேலைக்குப் போகாமல் நிரல் எழுதட்டும் என்பதே அன்றைய நோக்கம். நெடுங்காலம் மாணவர்க்கு மட்டுமே உரியதாயிருந்த இத்திட்டம் 2022இல் பதினெட்டு வயது நிறைந்த, திறந்த மூலத்துக்குப் புதியவரான எவருக்கும் திறந்துவிடப்பட்டது. வேலையின் அளவும் 175 மணி, 350 மணி எனப் பிரிக்கப்பட்டு, பின்னர் 90 மணிநேரச் சிறு திட்டங்களும் சேர்ந்தன. 2025இல் 15,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் ஏறத்தாழ 1,300 பேர் 185 அமைப்புகளில் இடம்பெற்றனர். இந்த எண்களைக் கண்டு மலைப்பதற்குமுன் ஒரு செய்தியைக் கருத வேண்டும். கூகிள் தனிநபர் எவரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வோர் அமைப்பும் தனக்கு வந்த முன்மொழிவுகளைத் தானே படித்து வரிசைப்படுத்தி, இத்தனை இடம் வேண்டும் என்று கேட்கிறது. கூகிள் இடங்களின் எண்ணிக்கையை ஒதுக்கிப் பணம் தருகிறது. ஆகவே விண்ணப்பதாரர் தம் தகுதியைக் காட்ட வேண்டியது மலைபோன்ற ஒரு நிறுவனத்துக்கன்று, பத்திருபது பேர் கொண்ட ஒரு சிறு குழுவுக்கு.

இரண்டாவது பெருந்திட்டமான ‘அவுட்ரீச்சி’யின் பிறப்பு முதலாவதன் ஒரு குறையிலிருந்து நிகழ்ந்தது. லினக்ஸ் கணினிகளின் முகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்துக்கு 2006இல் சம்மர் ஆஃப் கோட் வழியாக வந்த 181 விண்ணப்பங்களில் ஒன்றுகூடப் பெண்களிடமிருந்து வரவில்லை. அவ்வாண்டே பெண்களுக்கென ஒரு தனித்திட்டத்தை க்னோம் அறிவித்தபோது நூறு பெண்கள் விண்ணப்பித்தனர், அறுவர் சேர்க்கப்பட்டனர். ஆர்வமுடைய பெண்கள் இல்லை என்ற பழைய விளக்கம் ஒரே கோடையில் பொய்யாகிவிட்டது. 2010இல் மரீனா ஜுராகின்ஸ்கயா இம்முயற்சியைப் புதுப்பித்து ஆண்டுதோறும் நடக்கச் செய்தார். 2015இல் அது அவுட்ரீச்சி என்ற பெயருடன் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அறக்கட்டளையின்கீழ் வந்தது. இன்று தத்தம் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் குறைவாக இடம்பெற்று, பாகுபாட்டையும் எதிர்கொள்ளும் எவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு பெறுவோர் மூன்று மாதம், வாரம் 30 மணிநேரம், வீட்டிலிருந்தபடியே வேலை செய்கின்றனர்.

இவை தவிர, பணமின்றிச் சான்றிதழும் வழிகாட்டலும் மட்டும் தரும் ‘சீசன் ஆஃப் கே.டி.ஈ.’, லினக்ஸ் அறக்கட்டளை நடத்தும் ‘எல்.எஃப்.எக்ஸ்.’, அரசுசார் மென்பொருளுக்கென இந்தியாவிலேயே நடத்தப்படும் ‘கோட் ஃபார் கவ்டெக்’ முதலியனவும் உண்டு. ஒவ்வொன்றின் விதிகளும் சற்றே வேறுபடினும் உள்ளுறையும் தேர்வுமுறை ஏறக்குறைய ஒன்றே.

அந்த முறையை விளங்கிக்கொள்ளப் போடிநாயக்கனூர் வாசிகளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் ஏலக்காய் விற்கப்படும்போது, குவியலின் எடை திரையில் தெரிந்தாலும், வியாபாரிகள் விலை கேட்பது தம் கைக்கு வரும் மாதிரியைப் பார்த்துத்தான். காயின் பருமன், பச்சை நிறம், உலர்ந்த பக்குவம், உள்ளிருக்கும் அரியின் நிறைவு ஆகியவற்றை விரல்களால் உணர்ந்தபின்னரே விலை ஏறுகிறது. திறந்த மூலத் திட்டங்களின் பராமரிப்பாளரும் இவ்வகை வாங்குநரே. ‘கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர், பைத்தான் நிரல்மொழியில் தேர்ந்தவர்’ என்ற அறிமுக வரிகளை அவர் கடந்து சென்றுவிடுவார். அந்தப் பெயருடையவர் களஞ்சியத்தில் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார், குறை சொன்னபோது எவ்வாறு பதில் சொன்னார், பாதியில் விட்டுப் போனாரா என்பனவே அவர் கையில் எடுத்துப் பார்க்கும் மாதிரி.

சில அமைப்புகள் இதை வெளிப்படையான விதியாகவே வைத்துள்ளன. கணிதச் சமன்பாடுகளைக் குறியீடுகளாகவே கையாளும் ‘சிம்பை’ என்ற பைத்தான் நிரலகம், விண்ணப்பதாரரின் திருத்தம் ஒன்றேனும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கிறது. அவுட்ரீச்சியில் இது இன்னும் தெளிவாக அமைந்துள்ளது: முதற்கட்ட விண்ணப்பத்தில் தேறியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ‘பங்களிப்புக் காலம்’ வழங்கப்படுகிறது, அக்காலத்தில் ஒரு பங்களிப்பையாவது பதிவு செய்யாதவர் இறுதி விண்ணப்பத்தை அளிக்கவே இயலாது. சிம்பையின் வரலாற்றிலேயே இம்முறையின் பயனுக்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2009இல் சம்மர் ஆஃப் கோட் மாணவராக அத்திட்டத்துக்குள் வந்த ஆரன் மியூரர், இரண்டே ஆண்டுகளில் அதன் தலைமை நிரலாளர் பொறுப்பை ஏற்றார். வழிகாட்டுத் திட்டங்களுக்காகத் தம் ஓய்வுநேரத்தைச் செலவிடும் அமைப்புகள் உண்மையில் தேடுவது இத்தகைய ஒருவரையே. புதியவர் மூன்று மாதத்தில் முடிக்கும் வேலையை, பழகிய பராமரிப்பாளர் ஒருவர் மூன்று வாரத்தில் தாமே முடித்துவிடுவார். புதியவருக்குக் கற்பித்துச் செய்விப்பது அவருக்கு நேர இழப்பே. அந்த இழப்பை அவர் ஏற்பது, வேலை முடிந்தபின்னும் அந்தப் புதியவர் அங்கேயே இருப்பார் என்ற எதிர்பார்ப்பினால்தான்.

அப்படியானால் அந்த முதல் பங்களிப்பு எவ்வாறு அமைகிறது? பெரும்பாலான களஞ்சியங்களில் புதியவர்களுக்கு ஏற்ற எளிய குறைகள் தனி அடையாளமிட்டு வைக்கப்பட்டிருக்கும். லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் திட்டத்தில் இவற்றுக்கு ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று பெயர். ஆனால் குறையைத் திருத்துவதற்குமுன், அம்மென்பொருளை மூலநிரலிலிருந்து தம் கணினியில் தொகுத்து இயக்க வேண்டும்; புதியவர்களில் பெரும்பகுதியினர் விழுந்துவிடும் இடம் இதுவே. நான்கு ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் லிப்ரெஆபிஸைத் தொகுக்க முனைவோர் இரவு முழுவதும் காத்திருந்து, விடியலில் பிழைச் செய்தியைக் காண்பது இயல்பு. இதற்கு வெட்கப்படுவதில் பொருளில்லை; தம் கருவிக்குத் தக்க திட்டத்தைத் தேர்வதே அறிவுடைமை. பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட சிறு, நடுத்தரத் திட்டங்கள், ஆவணமாக்கம், மொழிபெயர்ப்பு, சோதனை நிரல்கள் எழுதுதல் ஆகியவை எளிய மடிக்கணினியிலும் இயலும். நிறுவல் குறிப்பைப் படித்து அதன்படி செய்துபார்க்கும் புதியவர், எந்த வரி பொய்யாகிவிட்டது என்பதைக் காணும் வாய்ப்பைப் பெறுகிறார். பழகியவர்கள் அந்தக் குறிப்பைப் பல ஆண்டுகளாகத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். நிறுவல் குறிப்பில் ஒரு பிழையைச் சரிசெய்வது சிறு பங்களிப்பே எனினும், உண்மையில் நிறுவிப் பார்த்தவர் மட்டுமே செய்யக்கூடியது அது.

தமிழ்நாட்டு மாணவர்களின் மேசைக்குக் கட்டற்ற மென்பொருள் ஒருமுறை தானாகவே வந்து சேர்ந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளம், 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. லட்சக்கணக்கான மாணவர் இல்லங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் உட்பட, கட்டற்ற இயங்குதளம் ஒன்று ஒரு விசையின் தொலைவில் காத்திருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் தொகை சொற்பம் என்றே கருத வேண்டியுள்ளது. கருவியைக் கொடுத்த திட்டம், அதைப் பயன்படுத்தத் தூண்டும் ஆளைக் கொடுக்கவில்லை. இந்தக் குறை பின்னரும் வேறு வடிவில் வரும்.

பங்களிப்பின் இரண்டாவது தடை, பொதுவெளியில் கேள்வி கேட்பது. திறந்த மூலத் திட்டங்களின் உரையாடல்கள், அவை ஐ.ஆர்.சி. போன்ற அரட்டை அறைகளில் நடந்தாலும் குறைப்பதிவுகளின்கீழ் நடந்தாலும், உலகம் படிக்கும்படி நடக்கின்றன. ஆசிரியர் முன் எழுந்து நின்று கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று பழக்கப்பட்ட மாணவருக்கு இது பேரச்சம். அதனால் பலர் பராமரிப்பாளரின் தனிமுகவரியைத் தேடிப்பிடித்து, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கித் தனிக்கடிதம் எழுதுகின்றனர். பதில் வராதபோது புறக்கணிக்கப்பட்டதாக வருந்துகின்றனர். தனிக்கடிதத்துக்குச் சொல்லும் பதில் ஒருவருக்கே பயன்படும், பொதுவில் சொல்லும் பதில் அடுத்து வரும் ஐம்பது பேருக்கும் பயன்படும் என்பதாலேயே பராமரிப்பாளர் முன்னதைத் தவிர்க்கிறார். வணக்க வழிபாடுகளை அவர் எதிர்பார்ப்பதில்லை. எதைச் செய்ய முயன்றார், எந்தக் கட்டளையை இட்டார், கணினி என்ன பிழை சொன்னது, அதற்குப்பின் எதையெதை முயன்று பார்த்தார் என்ற நான்கு செய்திகளை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஆங்கிலம் குறித்த அச்சம் மிகையானது. இத்திட்டங்களில் பங்கேற்போரில் பெரும்பகுதியினருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. குறுகிய, பிழையுள்ள, ஆனால் துல்லியமான வாக்கியம் அங்கே மதிக்கப்படுகிறது.

முன்மொழிவு எனப்படும் ஆவணம் இவ்வளவும் நடந்தபின் எழுதப்படுவது. தீர்க்கப்போகும் சிக்கல் எது, களஞ்சியத்தின் எந்தப் பகுதிகள் மாறும், எந்த வாரத்தில் எது முடியும், தேர்வு வாரங்களில் வேலை எவ்வளவு குறையும், திட்டமிட்டபடி நடக்காவிட்டால் எதைக் கைவிட்டு எதைக் காப்பது என்பவற்றை அது சொல்ல வேண்டும். இவற்றுள் கடைசிக் கேள்விக்கு விடை எழுதுவோர் அரிது. எழுதியவர் தனித்துத் தெரிவார், ஏனெனில் எல்லாம் திட்டப்படி நடக்கும் என்று எழுதுகிறவர் இதுவரை மென்பொருள் எதையும் செய்ததில்லை என்பதைப் பராமரிப்பாளர் அறிவார். முன்மொழிவின் வரைவை இறுதிநாளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பே வழிகாட்டிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்க அமைப்புகள் பலவும் இடந்தருகின்றன. ஒருவருக்கு மூன்று முன்மொழிவுகள்வரை அளிக்கும் உரிமை சம்மர் ஆஃப் கோட்டில் உண்டெனினும், ஒன்றை ஆழமாகச் செய்தவரே மூன்றை மேலோட்டமாகச் செய்தவரை முந்துகிறார்.

இந்தியாவிலிருந்து செல்லும் இணைப்பு வேண்டுகோள்களைக் குறித்து ஒரு கசப்பான செய்தியையும் சொல்லாமல் விடலாகாது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற நிகழ்வில், அக்டோபர் மாதத்தில் நான்கு இணைப்பு வேண்டுகோள்கள் அனுப்பியவர்க்குச் சட்டை பரிசாகத் தரப்பட்டது. 2020இல் ஒரு காணொளிப் பாடத்தைப் பார்த்த ஆயிரக்கணக்கானோர், ஆவணத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் பொருளற்ற வேண்டுகோள்களை உலகெங்குமுள்ள களஞ்சியங்களுக்கு அனுப்பிக் குவித்தனர். நிறுவனம் நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்றி, தாமாக முன்வந்து இணைந்த திட்டங்களுக்கு மட்டுமே கணக்கு என்று அறிவிக்க நேர்ந்தது. 2024இன் தொடக்கத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற புகழ்பெற்ற வலைச்சட்டகத்தின் களஞ்சியத்துக்கு, அறிமுகக் கோப்பில் தம் பெயரைச் சேர்க்கும் வேண்டுகோள்கள் இதேபோல் வெள்ளமாக வந்தன. அதற்கும் மூலம் ஒரு பயிற்சிக் காணொளியே. அனுப்பியவர் எவருக்கும் தீயநோக்கம் இருந்ததாகத் தோன்றவில்லை. வேண்டுகோளின் மறுமுனையில் ஒரு மனிதர் அமர்ந்து அதைப் படிக்கிறார் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சான்றிதழையும் எண்ணிக்கையையும் மட்டுமே சொல்லிக்கொடுத்தனர். இந்தியப் பெயரைக் கண்டதும் பராமரிப்பாளர் சிலர் எச்சரிக்கையாவதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம். நேர்மையாகப் பங்களிக்கும் மாணவர் இந்தச் சுமையையும் சேர்த்தே தூக்க வேண்டியுள்ளது.

இதன் அண்மைய வடிவம் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் எழுதப்படும் முன்மொழிவுகள். நூறு முன்மொழிவுகளில் ஐம்பது ஒரே தொனியில், ஒரே தலைப்புகளுடன், களஞ்சியத்தில் இல்லாத கோப்புகளின் பெயரைக் கூறிக்கொண்டு வரும்போது, அவற்றைப் பிரித்தறிய வழிகாட்டிகள் மீண்டும் பழைய உரைகல்லுக்கே, அதாவது முந்தைய மாதங்களின் வேலைக்கே, திரும்புகின்றனர். ‘ஜென்டூ’ என்ற லினக்ஸ் வழங்கல் 2024இல் அக்கருவிகள் எழுதிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்றே முடிவு செய்தது. பிற திட்டங்களின் விதிகள் வேறுபடுகின்றன. ஆங்கில இலக்கணத்தைச் சரிபார்க்க அக்கருவியை நாடுவது ஒன்று, தனக்குப் புரியாத வேலையைச் செய்வதாக அதன் வாயால் உறுதி கூறுவது வேறொன்று. இரண்டாவதைச் செய்தவர், வழிகாட்டி கேட்கும் முதல் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

நாட்காட்டியைக் கவனிப்பது அடுத்த தேவை. சம்மர் ஆஃப் கோட்டில் பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரி இறுதியில் வெளியாகிறது. முன்மொழிவுகள் மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை பெறப்படுகின்றன. மே மாத வாக்கில் முடிவு. பட்டியல் வெளியானபின் தொடங்குவோருக்குக் கிடைப்பது ஐந்தாறு வாரங்களே, அவையும் செய்முறைத் தேர்வுகளும் உள்மதிப்பீடுகளும் நெருங்கும் வாரங்கள். எந்த அமைப்புகள் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன என்பது பழைய பட்டியல்களிலிருந்தே தெரிந்துவிடும் என்பதால், ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்திலேயே ஒரு திட்டத்தைத் தேர்ந்து பழகத் தொடங்குபவர் ஏறத்தாழ ஐந்து மாத முன்னிலை பெறுகிறார். நிரலெழுதும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் இறுதிவரை நீள்வதால் அடுத்த பருவ வகுப்புகளோடு அது மோதும். வழிகாட்டியுடன் பேசி 22 வாரங்கள்வரை நீட்டித்துக்கொள்ள விதி இடங்கொடுக்கிறது. அவுட்ரீச்சி ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரையிலான சுற்றே இந்திய மாணவர்க்குப் பொருந்துவது, டிசம்பர்ச் சுற்று பட்டம் முடித்தவர்க்கு ஏற்றது. சம்மர் ஆஃப் கோட்டில் ஏற்கெனவே பங்கேற்றவரை அவுட்ரீச்சி ஏற்பதில்லை என்பதால், இரண்டுக்கும் தகுதியுடைய பெண்கள் எதை முதலில் நாடுவது என்பதை முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும்.

அவுட்ரீச்சியின் முதற்கட்ட விண்ணப்பத்தில் உள்ள கட்டுரை வினாக்கள் இவ்வட்டாரப் பெண்களுக்குத் தனிப்பட்ட முறையில் கடினமானவை. தம் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் தம்மைப் போன்றோர் ஏன் குறைவாக உள்ளனர், கல்வியிலும் வேலைதேடலிலும் எத்தகைய பாகுபாட்டை எதிர்கொண்டார் என்று அவை கேட்கின்றன. தன்குறையை அயலாரிடம் சொல்வது இழுக்கு என்ற வளர்ப்பு முறையில் வந்தவர், இவ்வினாக்களுக்கு ‘அப்படி எதுவும் இல்லை’ என்றெழுதி விலக்கப்படும் வாய்ப்பு மிகுதி. இரவில் கணினி ஆய்வகம் ஆண்களுக்கு மட்டும் திறந்திருப்பது, விடுதியில் இணைய நேரம் பெண்களுக்குக் குறைவாக இருப்பது, அண்ணனுக்குக் கணினியும் தங்கைக்குக் கைப்பேசியும் வாங்கித்தரும் வழக்கம், சாதியின் பேரால் ஓரங்கட்டப்படுவது, விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாயின் வீட்டு வேலைகள் மகள்மேல் விழுவது ஆகியவை அனைத்தும் இக்கேள்விகளுக்கு உரிய விடைகளே. நடந்ததை நடந்தபடி எழுதுவதே இங்கே தேவை. இரக்கத்தைத் தூண்டும் நடையும் தேவையில்லை, மறைப்பும் தேவையில்லை.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, அவுட்ரீச்சி உலகெங்கும் ஒரே தொகையாக 7,000 அமெரிக்க டாலர் தருகிறது. சம்மர் ஆஃப் கோட் அந்தந்த நாட்டின் வாங்குதிறனைக் கணக்கிட்டுத் தருவதால், இந்தியர்க்கு 350 மணிநேரத் திட்டத்துக்குக் கிடைப்பது கீழ்ப்படியான 3,000 டாலர்; இடைமதிப்பீட்டிலும் இறுதி மதிப்பீட்டிலும் தேறியபின் இரு தவணைகளாக வருகிறது. ஒரே களஞ்சியத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு நாட்டைப் பொறுத்துக் கூலி மாறுவது நியாயமா என்ற வினா எழுவது இயல்பே, அவ்வினாவில் நியாயமும் உண்டு. போடி வட்டாரக் குடும்பம் ஒன்றுக்கு அக்கீழ்ப்படித் தொகையும் ஓராண்டுக் கல்லூரிச் செலவைத் தாண்டும் என்பதும் அதேயளவு உண்மை.

இத்தனையும் தெரிந்த ஒருவர் தனியாக இவ்வழியில் வெல்ல முடியுமா என்றால், முடியும்; ஆயினும் வென்றோரின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. சம்மர் ஆஃப் கோட்டின் முதற் பத்தாண்டில் உலகிலேயே மிகுதியான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இல்லை. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகமே அது. இதன் பின்னணியில், சஞ்சீவ வீரவரண முதலியோர் 2003இல் தொடங்கிய லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் இருந்தது; அப்பாச்சி என்ற திறந்த மூல அமைப்பின் திட்டங்களில் இலங்கை நிரலாளர் பங்களிக்க அது வழிசெய்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர் சில வாரங்களில் எழுதிய ‘சஹானா’ மென்பொருள் 2006இல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் சமூகப் பயன் விருதைப் பெற்றது. பின்னர் அதுவே சம்மர் ஆஃப் கோட்டில் வழிகாட்டும் அமைப்பாகவும் ஆனது. மொறட்டுவையின் முதல் ஆண்டு மாணவர் எவரும் இத்திட்டங்களைப் பற்றி அறிவிப்புப் பலகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை; சென்ற ஆண்டு தேர்வான அக்காவோ அண்ணனோ அதே வளாகத்தில் இருந்தனர், அவர்களிற் சிலர் வழிகாட்டிகளாகவும் இருந்தனர். மடிக்கணினித் திட்டத்தில் இல்லாமற்போன ஆள் அங்கே இருந்தார்.

போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தில், மலையாள எழுத்துருக்களையும் மொழிக்கருவிகளையும் உருவாக்கும் ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழு 2007லும் 2013லும் வழிகாட்டும் அமைப்பாகவே சம்மர் ஆஃப் கோட்டில் இடம்பெற்றது. தம் மொழிக்கு வேண்டிய வேலையைத் தம் மொழி மாணவரைக் கொண்டு, உலக நிறுவனத்தின் பணத்தில் செய்வித்தது. தமிழில் இவ்வாறான முயற்சிக்கு மூலப்பொருள் குறைவில்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு நீண்டகாலமாக மாதந்தோறும் கூடிவருகிறது. 2012இல் மின்னிதழாகத் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பிக்கிறது. பெருநகரமல்லாத விழுப்புரத்தில் ஒரு க்னூ லினக்ஸ் குழு ஊரக மாணவர்க்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. போடிக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு விழுப்புரமே, மொறட்டுவை அன்று.

போடிநாயக்கனூரில் 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும், ஏலக்காய்த் தோட்ட உரிமையாளர் சங்கத்தின் கல்லூரியும் உள்ளன. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப்பின் 2023 ஜூனில் இரயிலும் மீண்டது. ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை ஓர் ஆய்வகத்தில் கூடுவதற்கு இதற்குமேல் ஏதும் வேண்டியதில்லை. அவர்கள் தொடங்கத் தக்க வேலைகளும் தமிழிலேயே உண்டு. அச்சு எழுத்தைப் படித்தறியும் ‘டெசராக்ட்’ தமிழில் எங்கெங்கே தடுமாறுகிறது என்று பழைய புத்தகப் பக்கங்களைக் கொண்டு சோதிக்கலாம்; தமிழ் விக்கிமூலத்தின் கருவிகளைச் சீராக்கலாம்; மொசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ குரல் தொகுப்பில் தேனி வட்டார வழக்கைப் பதிவு செய்யலாம்; ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகத்துக்குச் சோதனைகள் எழுதலாம். விக்கிமீடியா அறக்கட்டளை சம்மர் ஆஃப் கோட்டிலும் அவுட்ரீச்சியிலும் வழிகாட்டும் அமைப்பாகப் பங்கேற்று வருவதால், விக்கிமூலக் கருவிகளில் பழகிய கைக்கு அங்கே நேரடியான பயன் உண்டு. முதலாண்டு விண்ணப்பிப்போரில் எவரும் தேர்வாகாமலே போகலாம். அவர்களின் ஏற்கப்பட்ட திருத்தங்கள் களஞ்சியத்தில் அவரவர் பெயருடன் நிற்கும், அடுத்த கார்த்திகையில் வரும் இளைய மாணவர் நிறுவல் பிழையோடு திண்டாடும்போது பக்கத்து நாற்காலியில் அதைக் கடந்துவந்த ஒருவர் அமர்ந்திருப்பார்.